ஜனவரியில் கூடிய மீன்: திருகோணமலைப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜனவரியில் திருகோணமலைக் கடல் எப்படி இருக்கும் என்று திருக்கடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாடைக் காற்று முழுதாக அடங்கியிருக்காது. கரைவலை இழுக்கத் தோதான நாட்கள் கொஞ்சம்தான். சின்ன வள்ளங்கள் பல கரையேறிக் கிடக்கும். ஆனால் நான் நடத்திய மூன்று நாள் பயிற்சிக்கு வந்த ஓர் அட்டவணை, டிசம்பரை விட ஜனவரியில் மீன்பிடி கூடியது என்று சொன்னது. அதுவும் அடுத்தடுத்த இரண்டு வருடம்.

அட்டவணையைத் தயாரித்த அலுவலகம் எது என்பது இங்கே தேவையில்லை. அங்கே யாரும் பொய் எழுதவில்லை. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. மாதக் கணக்கை ஆண்டுக் கணக்கோடு பொருத்திய விதத்தில்தான் அந்த மீன் பிறந்திருந்தது. புள்ளிவிபரத்தில் இந்தப் பொருத்தும் வேலைக்குப் பெஞ்ச்மார்க்கிங் என்று பெயர். பயிற்சியின் தலைப்பும் அதுவே. முதல் நாள் காலையிலேயே இந்த அட்டவணை கையில் கிடைத்ததால், நான் கொண்டுபோயிருந்த வெளிநாட்டு உதாரணங்களை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று நாளும் இதையே எடுத்துக்கொண்டோம்.

இரண்டு கணக்குகள்

ஒரே விஷயத்தை இரண்டு வழியில் எண்ணும்போதுதான் இந்தச் சிக்கல் வருகிறது. ஒன்று மாதக் கணக்கு. மாதிரி எடுத்து எண்ணுவதால் இதை மாதிரிக் கணக்கு என்றும் சொல்வேன். தெரிந்தெடுத்த சில இறங்குதுறைகளுக்கு மாதத்தில் சில நாட்கள் போய், வந்த படகுகளின் மீனை நிறுத்து, அதை முழு மாதத்துக்கும் முழுக் கரைக்கும் பெருக்கி எடுப்பது. விரைவில் கிடைக்கும். எந்த மாதம் கூடியது, எந்த மாதம் குறைந்தது என்பதை நன்றாகக் காட்டும். ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதில் நம்பிக்கை குறைவு.

மற்றது ஆண்டுக் கணக்கு. படகுகள், வலைகள், துறைகள் எல்லாவற்றையும் விரிவாகப் பார்த்துத் தாமதமாக வருவது. மொத்தத்தை அது நன்றாகச் சொல்லும். மாத ஏற்ற இறக்கம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினால் ஆண்டுக் கணக்கு வருவதில்லை. இரண்டையும் ஒரே அறிக்கையில் போட முடியாது. அதனால் மாதக் கணக்கைத் திருத்தி ஆண்டு மொத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அலுவலகங்களில் வழக்கமாகச் செய்வது எளிய முறை. ஆண்டுக் கணக்கு ஐந்து சதவீதம் கூடுதலாக இருந்தால், அந்த ஆண்டின் எல்லா மாதத்தையும் 1.05 ஆல் பெருக்குவார்கள். அடுத்த ஆண்டு பதினைந்து சதவீதம் கூடுதல் என்றால் 1.15 ஆல் பெருக்குவார்கள். மொத்தம் பொருந்தும். வேலை முடியும்.

ஆனால் டிசம்பர் 31 வரை 1.05, ஜனவரி 1 முதல் 1.15. நள்ளிரவில் ஒரு படி ஏறிவிட்டது. கடலில் நடந்த எந்த மாற்றமும் அந்தப் படிக்குக் காரணமில்லை.

கரும்பலகையில்

அலுவலகத்தின் உண்மை எண்களை வெளியிட எனக்கு உரிமையில்லை. அதனால் அதே உருவத்தில் பயிற்சிக்காக எண்களை அமைத்துக்கொண்டோம். கையால் கணக்குப் போட வசதியாக மாதங்களைக் காலாண்டாகச் சுருக்கினோம். கீழே வரும் தொன் எல்லாம் கரும்பலகைத் தொன்தான்.

முதல் ஆண்டு மாதிரிக் கணக்கு நான்கு காலாண்டுக்கும் 70, 130, 140, 60. கூட்டினால் 400. ஆண்டுக் கணக்கு 420. இரண்டாம் ஆண்டு 58, 132, 148, 62. அதுவும் 400. ஆண்டுக் கணக்கு 460.

முதலில் எளிய முறை. முதல் ஆண்டு 73.5, 136.5, 147, 63 ஆகிறது. இரண்டாம் ஆண்டு 66.7, 151.8, 170.2, 71.3. ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் பார்த்தால் குறையே இல்லை. ஏறிய விகிதம், இறங்கிய விகிதம் எல்லாம் மாதிரிக் கணக்கில் இருந்தபடியே இருக்கின்றன. இரண்டு ஆண்டும் சேரும் மூட்டு இடத்தைப் பாருங்கள். மாதிரிக் கணக்கில் 60 இலிருந்து 58 ஆக, 3.3 சதவீதம் குறைந்தது. திருத்திய கணக்கில் 63 இலிருந்து 66.7 ஆக, 5.9 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரு காலாண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஏழு அசைவுகளில் ஆறு சுத்தம். பிழை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. அறிக்கை படிக்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்: “புதிய ஆண்டு எப்படித் தொடங்கியது?”

இதற்கு மருந்து 1971 இல் வந்தது. பிராங்க் டெண்டன் என்ற பொருளியல் அறிஞர் அந்த ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், கேள்வியையே மாற்றிப் போட்டார். ஆண்டு மொத்தம் பொருந்தியாக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதைச் செய்யும் வழிகள் ஏராளம். அவற்றில் மாதிரிக் கணக்கின் அசைவை மிகக் குறைவாகக் குலைக்கும் வழி எது? இதைக் கணிதமாக எழுதுவதும் கடினமில்லை. திருத்திய எண்ணை மாதிரி எண்ணால் வகுத்தால் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு விகிதம் கிடைக்கும். அடுத்தடுத்த விகிதங்களின் வித்தியாசத்தை எடுத்து, வர்க்கித்து, கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு சிறியதாக முடியுமோ அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை கிடைக்கும்.

டெண்டன் எழுதிய மூல வடிவத்தில் ஒரு சிறு தொல்லை உண்டு. தொடர் தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் திருத்தம் எதுவும் இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் விகிதம் 1 ஐ நோக்கி இழுபட்டு, தொடரின் ஆரம்பத்தில் இல்லாத அசைவு ஒன்று தோன்றும். கனடாப் புள்ளியியல் அமைப்பில் பணியாற்றிய பியர் ஷோலெட் 1984 இல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். இன்று ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியின் ‘டெம்ப்டிஸாக்’ தொகுப்பில் டெண்டன்-ஷோலெட் என்ற பெயரில் கிடைப்பது இந்தத் திருத்திய வடிவம்.

வந்திருந்தவர்களில் பலர் கையில் பழைய மடிக்கணினி, அதில் எக்செல் மட்டும். சரி, எக்செல் போதும். எட்டு விகிதங்களை எட்டுக் கட்டங்களில் வைத்து, வித்தியாச வர்க்கங்களின் கூட்டுத்தொகையை ஒரு கட்டத்தில் எழுதி, இரண்டு ஆண்டு மொத்தத்தையும் நிபந்தனையாகக் கொடுத்து, எக்செலில் விடை தேடும் கருவியான சால்வரை ஓடவிட்டோம். விகிதங்கள் 1.033, 1.039, 1.055, 1.083, 1.116, 1.144, 1.162, 1.167 என்று வந்தன. திருத்திய கணக்கு முதல் ஆண்டு 72.3, 135.0, 147.7, 65.0. இரண்டாம் ஆண்டு 64.7, 151.0, 171.9, 72.3. தசமத்தைச் சுருக்கியதில் 0.1 குறைகிறது, அவ்வளவுதான்.

மூட்டில் 65.0 இலிருந்து 64.7. கூடவில்லை. குறைகிறது. மாதிரி சொன்ன அளவுக்குக் குறையவில்லை என்றாலும், திசை சரி. வகுப்பில் ஒரு சிறு ஆரவாரம். எனக்கும் நிறைவாக இருந்தது. பாடத்தை இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வாடிகள்

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளைக்கு முன்னால், பின்வரிசையில் இருந்த ஓய்வுபெறப் போகிற கடற்றொழில் பரிசோதகர் ஒருவர் கையை உயர்த்தினார். “சேர், இந்தக் கூடின அறுபது தொன் யாரிட மீன்?”

நான் மாதிரிப் பிழை, பெருக்கும் காரணி என்று எதையோ சொல்லத் தொடங்கினேன். அவர் தலையசைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அது வாடிக்காரர்ட மீன், சேர். கச்சான் காத்து, அதான் தென்மேல் காத்து, தொடங்கினா நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் கடல் குழம்பிடும். அங்கத்தைய ஆக்கள் படகோட இஞ்ச வந்துடுவாங்க. குச்சவெளியில இருந்து புல்மோட்டை வரைக்கும் கரையில வாடி, அதான் தங்கிற கொட்டில், போட்டு இருப்பாங்க. வாடை தொடங்க முன்னம் போயிடுவாங்க. எங்கட மாதிரித் துறைப் பட்டியல் பழசு. அந்த வாடி ஒண்டும் அதில இல்ல. ஆண்டுக் கணக்குக்குப் போறவங்கதான் அதை எழுதுறாங்க.”

பக்கத்தில் இருந்த கிண்ணியாத் தங்கச்சி ஒருவர் உடனே தன் தாளைப் பார்த்துச் சொன்னார்: “அப்ப இந்த முதலாம் காலாண்டில நாங்க ஏன் 6.7 தொன் கூட்டியிருக்கிறம்? அப்ப வாடியே இல்லையே?”

இந்த ஆய்வை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். டெண்டன் முறைக்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானம் உண்டு. மாதிரிக் கணக்கின் குறைபாடு மெதுவாக, சீராக மாறிக்கொண்டு போகிறது என்பதே அது. துறைப் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழசாகிறது, படகுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகின்றன என்றால் அனுமானம் பொருந்தும். ஆனால் இங்கே குறைபாடு வருடத்தில் பாதி நாள் இருக்கிறது, மற்றப் பாதி நாள் இல்லை. காற்றோடு வந்து காற்றோடு போகிறது. அதைப் போய்ச் சீரான சரிவில் பரப்பினால் என்ன ஆகும்?

கணக்குப் பார்த்தோம். இரண்டாம் ஆண்டில் கூட்டிய அறுபதில் முதலாம் காலாண்டுக்கு 6.7, நான்காம் காலாண்டுக்கு 10.3. ஆக, ஏறத்தாழப் பதினேழு தொன், வாடிக்காரர் ஊரில் இல்லாத காலத்துக்குப் போயிருக்கிறது. முதல் ஆண்டிலும் அப்படித்தான், இருபதில் 7.3 தொன். படியை அகற்றிவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்த கணக்கு, வாடைக் காற்றில் பிடிபடாத மீனை வாடைக் காலத்தில் எழுதியிருந்தது. எளிய முறையும் இதே பிழையைச் செய்தது, ஆனால் அங்கே படி கண்ணுக்குத் தெரிந்தது. டெண்டன் கணக்கில் எல்லாம் வழுவழுப்பாக இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான். மென்பொருள் எதுவும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. முப்பது வருடம் கரையில் நின்றவர் சொன்னார்.

பிறகு வழி தானாகவே திறந்தது. ஒரு தொடரை இரண்டாகப் பிரித்தோம். உள்ளூர்ப் படகுகள் ஒரு தொடர், பருவப் படகுகள் இன்னொரு தொடர். ஆண்டுக் கணக்கையும் அதேபோல் பிரித்தபோது, உள்ளூர்ப் பகுதியில் விகிதம் 1 ஆகவே நின்றது. கூடுதல் முழுவதும் பருவப் படகுகளுடையது. இனி அந்த இருபதையும் அறுபதையும் எந்தக் காலாண்டுக்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு சுட்டி வேண்டும். வாடி போட்டிருந்த படகுகளின் எண்ணிக்கை, கடலுக்குப் போன நாட்கள், ஐஸ் விற்பனை என்று பங்கேற்பாளர்களே வரிசையாகச் சொன்னார்கள். ஐஸ் விற்பனை நல்ல சுட்டி என்பது என் கருத்து. மீனில்லாமல் யாரும் ஐஸ் வாங்குவதில்லை, பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்கு எப்படியும் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் உள்ளூர்ப் படகுகளும் அதே ஐஸை வாங்கும் என்று அவர்களே மறுத்தார்கள். கடைசியில் படகும் நாளும் பெருக்கிய எண்ணை எடுத்தோம்.

கரும்பலகையில் முதல் ஆண்டின் இருபது, இரண்டாம் மூன்றாம் காலாண்டுக்கு 9, 11 என்று பிரிந்தது. இரண்டாம் ஆண்டின் அறுபது 28, 32 என்று. உள்ளூர்த் தொடரோடு கூட்டினால் முதல் ஆண்டு 70, 139, 151, 60. இரண்டாம் ஆண்டு 58, 160, 180, 62. மொத்தம் 420, 460. மூட்டில் 60 இலிருந்து 58. மாதிரி சொன்ன அதே 3.3 சதவீத இறக்கம், ஒரு புள்ளி மாறாமல்.

பருவத் தொடரில் முதலாம், நான்காம் காலாண்டு பூச்சியம். டெண்டன் முறையில் மாதிரி எண்ணால் வகுக்க வேண்டும் என்பதால் பூச்சியத்தில் அது தடுக்கி விழும். அந்தக் காலாண்டுகளைப் பூச்சியமாகவே விட்டுவிட்டு, பருவக் காலாண்டுகளில் மட்டும் பிரிப்பதுதான் நாங்கள் எடுத்த வழி.

இன்னும் வராத ஆண்டு

ஆண்டுக் கணக்கு தாமதமாகத்தான் வரும். நடப்பு ஆண்டுக்கு அது கையில் இருக்காது. ஆனால் காலாண்டு அறிக்கை காத்திருக்காது. இப்படியான நேரத்தில் டெண்டன் முறை கடைசி விகிதத்தை அப்படியே முன்னே கொண்டுபோகும். பிரிக்காத தொடரில் அது 1.167. மூன்றாம் ஆண்டின் முதல் காலாண்டில் மாதிரி 60 காட்டினால் அறிக்கையில் 70 தொன். அசைவு சரி, மட்டம் பிழை. வாடிகள் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில், வாடிக்காரருக்காகக் கூட்டிய விகிதம் உச்சத்தில் நிற்கிறது. பிரித்த தொடரில் அந்த 60 வெறும் 60 ஆகவே நிற்கும். பின்னால் ஆண்டுக் கணக்கு வரும்போது பழைய எண்களை மாற்றி வெளியிடும் தலைவலியும் குறையும்.

ஆண்டுக் கணக்கே பிழையாக இருந்தால்? நியாயமான கேள்வி, அதற்கும் முறை இருக்கிறது. டெண்டன் முறை ஆண்டுக் கணக்கை அசையாத கல்லாக எடுத்துக்கொள்கிறது. புள்ளியியலாளர் எஸ்டெலா பீ டேகமும் ஷோலெட்டும் வளர்த்த பின்னடைவு (ரிக்ரெஷன்) வழி முறையில், ஆண்டுக் கணக்குக்கும் ஒரு பிழை அளவு கொடுத்து, அதைக் கொஞ்சம் இளக்கிவிடலாம். விகிதம் முன்னே போகப் போக மெதுவாகத் தன் சராசரிக்குத் திரும்பும்படியும் செய்யலாம். கனடாப் புள்ளியியல் அமைப்பு இதற்குப் பரிந்துரைக்கும் எண் மாதத் தொடருக்கு 0.9, காலாண்டுத் தொடருக்கு அதன் மூன்றாம் அடுக்கான 0.729. எண் 1 ஆனால் மீண்டும் டெண்டனுக்கே வந்துவிடுவோம். பயிற்சியில் இதை அரை மணி நேரம்தான் தொட்டோம். ஆண்டுக் கணக்கின் பிழை எவ்வளவு என்று சொல்ல அங்கே யாரிடமும் அளவு இல்லாததால் மேலே போவதில் பயனில்லை.

கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நெல்லைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்போகம் ஒக்டோபர், நவம்பரில் விதைத்து அடுத்த ஆண்டு பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகிறது. பெஞ்ச்மார்க், அதாவது பொருத்த வேண்டிய மொத்தம், ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிய வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. போகக் கணக்கு எந்த மாதங்களை மூடுகிறதோ அந்த மாதங்களின் கூட்டுத்தொகையையே நிபந்தனையாக எழுதலாம். எக்செலில் ஒரு சூத்திரத்தை மாற்றினால் போதும்.

2005 ஜனவரி

மூன்றாம் நாள் ஒருவர் சொன்னார்: “அப்ப சேர், ஜனவரியில ஒரு படி தெரிஞ்சா அது கணக்குப் பிழை எண்டு எடுத்துக்கொள்ளலாமா?”

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பதில் சொன்னது நானல்ல, அதே பரிசோதகர்தான். “2004 டிசம்பர் 26.”

அந்தக் காலை ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்தது. ஆட்கள் போனார்கள், வீடுகள் போயின, படகும் வலையும் போயின. 2005 ஜனவரியில் கணக்கு விழுந்தது என்றால் அது உண்மையாக விழுந்ததுதான். அதன் பிறகு நிவாரணமாகப் புதிய படகுகள் வந்தன, பதிவேடுகள் மாறின, இறங்குதுறைகள் சில இடம் மாறின. மாதிரிக் கணக்குக்கும் ஆண்டுக் கணக்குக்கும் இடையில் இருந்த உறவே வேறாகிவிட்டது. அந்த ஆண்டுகளின் குறுக்கே ஒரே சரிவாக டெண்டனை ஓட்டினால், புதிய உறவின் விகிதம் பின்னோக்கிக் கசிந்து 2004 இன் கடைசி மாதங்களையும் மாற்றும். நடந்த இழப்பின் அளவையே அது மழுங்கடித்துவிடும். அங்கே தொடரை வெட்ட வேண்டும். 2004 டிசம்பரோடு ஒரு தொடர் முடியட்டும், 2005 ஜனவரியில் இன்னொன்று தொடங்கட்டும், இரண்டுக்கும் தனித்தனி விகிதம். பயிற்சித் தாளில் அந்த இடத்தில் ஒரு தடித்த கோடு போட்டோம். கோட்டுக்குப் பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதச் சொன்னேன். பத்து வருடம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்கும் இளைய உத்தியோகத்தருக்குக் கோடு ஏன் என்று தெரிய வேண்டும்.

பிறகு

அந்த அலுவலகம் பழைய இரண்டு ஆண்டு அட்டவணையையும் திருத்தி எழுதியது. துறைப் பட்டியலைப் புதுப்பிப்பது உடனே நடக்கவில்லை. அதற்கு ஆளும் எரிபொருளும் வேண்டும், அது மேலிடத்து முடிவு. ஆனால் மாதப் படிவத்தில் ஒரு நிரல் கூடியது. கிண்ணியாத் தங்கச்சி எனக்கு அதன் படத்தை அனுப்பியிருந்தார். நிரலின் தலைப்பில் கையால் எழுதியிருந்தது: “வாடிப் படகு — எத்தனை, எத்தனை நாள்.” ஏப்ரலுக்கு எதிரே முதல் எண் விழுந்திருந்தது. அதற்கு மேலே ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றிலும், கட்டத்தைக் காலியாக விடாமல், பூச்சியம் என்று எழுத்தாலேயே எழுதியிருந்தார்.